வால்வு வைத்த தெரமினை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ரேடியோ பழுதுபார்த்த கை என்றால் ரொம்பக் கஷ்டமில்லை. 1920 வாக்கில் ரஷ்யாவின் லெவ் தெரமின் உருவாக்கிய, தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி இது. வால்வு என்றால் பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்.

உள்ளே இரண்டு ரேடியோ அலையியற்றிகள், அதாவது மின் அலைவை உண்டாக்கும் சுற்றுகள். ஒன்று மாறாமல் 2,00,000 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வையுங்கள். இன்னொன்று ஆன்டெனாவோடு இணைந்தது. கை நெருங்கினால் அதன் மின்தேக்குதிறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மிகக் கொஞ்சமாக, ஒரு பிக்கோஃபாரடுக்கும் குறைவாகத்தான் மாறும். ஆனால் அலைவெண் 1,99,560-க்கு இறங்க அதுவே போதும். இரண்டையும் கலந்தால் வித்தியாசம் 440 ஹெர்ட்ஸ், அதைத்தான் காது கேட்கிறது. ஒலி அளவுக்குத் தனியாக ஒரு வளைய ஆன்டெனா, இன்னொரு அலையியற்றி.

தலைவலி எங்கே என்றால், இரண்டு அலையியற்றிகளும் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று இழுத்து ஒரே அலைவெண்ணில் பூட்டிக்கொள்ளும். கீழ்ஸ்தாயி சுரங்கள் காணாமல் போகும். அவற்றின் கம்பிச் சுருள்களைத் தள்ளி வைத்து, நடுவே உலோகத் தடுப்பு போடுங்கள். வால்வு சூடேறும் வரை சுருதியும் நகர்ந்துகொண்டே இருக்கும். கால் மணி நேரமாவது பொறுத்துவிட்டுச் சுருதி சேருங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம்: வால்வுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் தேவைப்படலாம். அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அதை வடியவிடும் வடிகால் மின்தடை போட்டு, மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள். மின்சார வேலையே புதிது என்றால் முதலில் டிரான்சிஸ்டர் தெரமின் ஒன்றைச் செய்து பாருங்கள், தத்துவம் அதேதான்.