ஆள் துணை இல்லாமல் ஜூடோ உத்திகளைப் பழக முடியுமா?

முடியும். ஜப்பானிய மொழியில் இதற்குத் 'தந்தோகு ரென்ஷூ' என்று தனிப் பெயரே உண்டு. எதிராளியின் எடையும் எதிர்ப்பும் கற்றுத் தருவது மட்டும் இதில் கிடைக்காது.

இரப்பர் பட்டையை உறுதியான தூணில் கட்டி, இரு முனைகளையும் எதிராளியின் உடையாகப் பாவித்துப் பிடியுங்கள். செயோய் நாகே வீச்சுக்குத் (எதிராளியை முதுகில் ஏற்றி முன்னால் வீசுவது) திரும்பும்போது முழங்கால்கள் மடங்கி, முதுகு தூணைப் பார்க்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இழுக்கும் கையில்தான். திரும்பியதும் அது தளர்ந்து, பட்டை தொய்ந்துவிடும். தொய்ந்தால் எதிராளி நிலைகுலையாமல் நிற்கிறார் என்று பொருள். அவசரமாக நூறு முறை செய்வதைவிட நிதானமாக இருபது முறை செய்வதே என் தேர்வு.

விழும் பயிற்சியான உகேமியை மெத்தைமீது மட்டும் செய்யுங்கள். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். இறாலைப் போல இடுப்பை வளைத்து நகரும் தரைப்பயிற்சிக்கு (சலிப்பூட்டும்தான்) படுத்து நகரும் அளவு இடம் போதும்.