நவஹோ கம்பளம்: உதறாதீர்கள்!

கேள்வி: அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்கள் தறியில் நெய்த கம்பளம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் நாலு மூலையிலும் தொங்கும் குட்டிக் குஞ்சங்களை வெட்டிவிடலாமா?

கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். ஓரக்கயிறு முடிகிற இடம் அது. வெட்டினால் ஓரம் பிரியும்.

கேள்வி: ஒரு மூலைக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று கரையைத் தாண்டி வெளியே ஓடுகிறது. நெசவுப் பிழையா?

இல்லை. நெய்தவர் வேண்டுமென்றே விட்ட வழி.

கேள்வி: வாரம் ஒருமுறை பால்கனியில் நன்றாக உதறி வெயிலில் போடுகிறோம். ஆனாலும் ஓரம் நைந்துபோகிறதே, ஏன்?

'ஆனாலும்' இல்லை, அதனால்தான். ஜமக்காளத்தைச் சுவரில் அடித்து வளர்ந்த கை சும்மா இருக்காது, புரிகிறது. நானும் என் முதல் 'டூ கிரே ஹில்ஸ்' வகை நவஹோ கம்பளத்தை மாடியில் நின்று ஓங்கி உதறியவன்தான், மூலையில் 'படக்'கென்று கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நவஹோ தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், அறுபடாமல் மேலும் கீழுமாக ஓடுகிற ஒரே நூல், இரண்டு முனையிலும் மடங்கித் திரும்பும். உதறினால் சாட்டை சொடுக்குகிற மாதிரி விசை முழுக்க அந்த மடிப்பில் போய் விழும், பாவு அறும், குறுக்கே ஓடும் ஊடை நூல் தானாகக் கழன்றுவரும். நெய்ய நூற்றுக்கணக்கான மணி நேரம், அறுக்க ஒரு நொடி. வேக்குவம் போடுங்கள், சுழலும் பிரஷ் இல்லாமல். இரண்டு பக்கமும் ஒரே டிசைன்தான், ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். உதறவே உதறாதீர்கள்.

கேள்வி: 'கனாடோ' வகைச் சிவப்பு நவஹோ கம்பளத்தை வாஷிங் மெஷினில் 'டெலிகேட்'டில் போட்டேன். சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது.

போடுவதற்கு முன்னால் எழுதியிருக்கலாமே! மறுபடி நனைக்காதீர்கள், நவஹோ நெசவு தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இனி ஏதாவது சிந்தினால் வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம்.

கேள்வி: அந்துப்பூச்சிக்கு தேவதாரு மரத்துண்டு போதுமா?

வாசனை நன்றாக இருக்கும், புழு சாகாது. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம், வெளியே ஒரு நாள், மறுபடி ஒரு வாரம். பை அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள். அப்புறம் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். எடுத்ததும் உதறவும் வேண்டாம்.

கேள்வி: 80 டாலருக்கு நவஹோ கம்பளம் கிடைத்தது. அசல்தானா?

படமும் இல்லை, அளவும் இல்லை, ஜோசியமா பார்ப்பது? இரண்டு முனையிலும் பாவு நூல் வரிசையாகத் தொங்கினால் பெரும்பாலும் மெக்சிகோவின் வஹாகா பக்கத்துச் சரக்கு, இல்லையென்றால் நம் இந்தியாவிலிருந்தே போன நகல். ஆலையில் நூற்ற 'ஜெர்மன்டவுன்' நூலில் நெய்த பழைய நவஹோ கம்பளங்கள் சில விதிவிலக்கு, ஆனால் அவை 80 டாலருக்கு வராது.