கீழே விழுந்த லேப்டாப்புக்கு 700 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, போன வாரம் என் சின்னவன் சார்ஜர் வயரில் கால் இடறி, சாப்பாட்டு மேசையில் இருந்த அக்காளின் லேப்டாப்பைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டான். திரையில் பாதி கறுப்பு, பாதி கோடு. இடது பக்கக் கீல் வாயைப் பிளந்து நிற்கிறது. 2018 கடைசியில் 2,400 வெள்ளிக்கு வாங்கியது. கடையில் திரைக்கு 480, கீலுக்கு 220, மொத்தம் 700 வெள்ளி கேட்கிறார்கள். அதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மகளுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி, அசைன்மென்ட் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, முதலில் சின்னவனைத் திட்டுவதை நிறுத்துங்கள், நடக்கிற இடத்தில் வயரைப் போட்டது அவன் இல்லையே. அப்புறம் அந்த மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். கீல் உடைந்த மூடியை ஒவ்வொரு தடவை அசைக்கும்போதும் அது உள்ளே போகிற கேபிளை இழுக்கும், மிச்சம் இருக்கிற நல்ல பாகமும் கெட்டுப்போகும்.

கடைக்குப் போகும் முன்னால் வீட்டிலேயே ஒன்று பார்த்துவிடலாம். ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளை எடுத்து லேப்டாப்பை டிவியில் சொருகுங்கள். படம் தானாக வராவிட்டால் விண்டோஸ் பொத்தானோடு பி பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். டிவியில் சுத்தமாகப் படம் வந்தால் உள்ளே மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அடி திரையோடு நின்றுவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். மகளை உட்காரவைத்து அன்றைக்கே அசைன்மென்ட் அத்தனையையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கச் சொல்லுங்கள், பழுது பார்ப்பதா புதுசா என்ற பஞ்சாயத்தெல்லாம் அதற்குப் பிறகுதான். 2018 மெஷின் என்பதால் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்க வாய்ப்பு உண்டு. 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் நகல்கூட எடுக்கவேண்டாம், உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டச்பேட் மேலே புடைத்துக்கொண்டாலோ, சமமான மேசையில் வைத்தும் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம், சார்ஜ் போடவே கூடாது.

சரி, 700 வெள்ளிக்கு வருவோம். 2,400 கொடுத்து வாங்கினோமே என்ற கணக்கை மறந்துவிடுங்கள், அந்தக் காசு போய் ஏழு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே வயசு, இதே மாதிரி லேப்டாப் இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் என்ன விலை என்று கேளுங்கள், பழுதுக்கு அதில் பாதிக்கு மேல் போனால் நான் கொடுக்கமாட்டேன். இது என் சொந்தக் கோடு, சட்டம் இல்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் ப்ராசஸர் பெயரைப் பாருங்கள். 'ஐ5-8250யூ' போல நடுக்கோட்டுக்குப் பின் வரும் எண் எட்டில் தொடங்கினால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும். 'ஐ5-7200யூ' என்றால் ஏழாம் தலைமுறை, முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, பாதுகாப்பு அப்டேட் உட்பட, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துவிட்டது. ஆகவே ஏழு என்றால் திரைக்குக் காசு போடுவது, கூரை ஒழுகுகிற வீட்டுக்குத் திரைச்சீலை மாற்றுகிற கதைதான். எட்டு என்றால் பழுது பார்க்கலாம், ஆனால் 700-க்கு இல்லை.

காரணம் அந்தக் கீல். அதன் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த குட்டிப் பித்தளை வளையங்களில்தான் இறங்கியிருக்கும், விழும்போது வளையத்தோடு பிளாஸ்டிக்கும் பெயர்ந்து வந்துவிடும். பல இடங்களில் அதைப் பசை ஊற்றி ஒட்டித் தருவார்கள். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் செய்தார்கள், மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி 'டப்' என்றது, மூடி பழையபடி வாயைத் திறந்துகொண்டது. 'ஒட்டுவீர்களா, கவர் மாற்றுவீர்களா' என்று நேராகக் கேளுங்கள். இன்னும் நல்லது, செத்துப்போன அதே மாடலில் இருந்து திரை, கீல், கவர் மூன்றும் சேர்ந்த முழு மூடி கிடைக்குமா என்று விசாரிப்பது. செந்தூலில் எல்.ஆர்.டி. ஏறி ஹங் துவாவில் மோனோரயிலுக்கு மாறி இம்பியில் இறங்கினால், கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா நடக்கிற தூரம்தான். முதல் கடையிலேயே கொடுத்துவிடாமல் நாலு கடையாவது ஏறி இறங்குங்கள். முழு மூடி 400-க்குள் கிடைத்தால் மாற்றி, ஒரு செமஸ்டரை ஓட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் வீட்டுக்காரர் சொல்வதே சரி.

புதுசு வாங்கினால் ரசீதை பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்கு வாங்கிய கணினியையும் வருமான வரியில் வாழ்க்கைமுறைச் சலுகையில் காட்டலாம், புத்தகம், இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2,500 வெள்ளி வரை.

கேள்வி: லேப்டாப் திரையைக் கடையில் மாற்றினேன். இரண்டே வாரத்தில் கோடு விழுந்துவிட்டது, கடைக்காரர் 'நீங்கள்தான் அழுத்தியிருப்பீர்கள்' என்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: ஏன் விடவேண்டும்? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்து தரவேண்டும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் விசாரிக்கும், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்கவேண்டியதில்லை. அதற்கு முன்னால் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், வாயால் மட்டும் பேசியதை அங்கே நிரூபிப்பது கஷ்டம். ரசீது கொடுக்கவில்லை என்றால் காசு மாற்றிய வங்கிப் பதிவை இன்றே பிரதி எடுத்துவிடுங்கள்.