வேலூர் வெயில் எப்ப எறங்கும், மழை யாருக்கு வரும்: கேட்ட கேள்விக்கெல்லாம் பதில்

கத்திரி ஆரம்பிக்கப் போகுதுன்ன உடனே ஆளாளுக்கு கேள்வி அனுப்பிக்கினு இருக்கீங்க, முடிஞ்ச வரைக்கும் ஒண்ணொண்ணா சொல்லிட்டு வரேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணுக்கும் சேர்த்தே எடுத்துக்கோங்க. மாவட்டம் 2019ல பிரிஞ்சாலும் காத்து வர்ற வழியும் மேகம் கிளம்பற இடமும் நமக்கு பொதுவானது தான்.

சத்துவாச்சாரியிலேர்ந்து ஒரு பெரியவர்: பொண்ணு அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்கா. கோல்ட் ஃப்ரண்ட் வருதுன்னு சாயங்காலம் சொன்னா, மறுநாள் பாத்தா ஸ்வெட்டர் போட்டுக்கினு வீடியோ கால்ல பேசறா. நமக்கு அந்த மாதிரி ஒண்ணு வராதா தம்பி?

வராதுங்க ஐயா. அது துருவத்துப் பக்கம் இருக்கற குளிர்ந்த காத்து. கனமா இருக்கறதால தரையை ஒட்டியே நகர்ந்து வந்து, முன்னாடி இருக்கற சூடான காத்தை மேல தள்ளிடும். அந்த ரெண்டு காத்தும் மோதற எல்லை தான் கோல்ட் ஃப்ரண்ட், நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கும், அது கடந்து போனா மாநிலமே ஒரே ராத்திரியில குளிர்ந்துடும். நாம இருக்கறது 13 டிகிரி அட்சரேகையில, அவ்ளோ தூரம் அந்தக் குளிர் எறங்கி வராது. டெல்லி, பஞ்சாப், காஷ்மீருக்கு மேற்கத்திய இடையூறுன்னு ஒண்ணு வந்து மழை குடுக்கும், அதுவும் வடக்கோட சரி. நமக்கு ஆறுதல்னா ரெண்டே வழி, ஒண்ணு கிழக்குலேர்ந்து கடல்காத்து, இன்னொண்ணு சாயங்கால இடிமழை.

காட்பாடியில படிக்கற தம்பி: அண்ணா, பெங்களூர்ல 34, நம்மகிட்ட 41. பஸ்ல நாலஞ்சு மணி நேரம் தான், எப்படிணா இவ்ளோ வித்தியாசம்?

உயரம் தான் காரணம் தம்பி. பெங்களூர் கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல, வேலூர் 200 மீட்டர் சொச்சம். மே மாசம் மேல்காத்து, அதாவது மேக்கேர்ந்து வர்ற காத்து, பலமா அடிக்கறப்ப அந்த மேட்டுலேர்ந்து காத்து நம்ம பக்கம் சரிஞ்சு எறங்குது, எறங்க எறங்க அழுத்தம் கூடி சூடாகும், சைக்கிள் பம்பு அடிக்கறப்ப அடியில சூடாகுதே அதே கதை தான். 100 மீட்டர் எறங்கினா கிட்டத்தட்ட 1 டிகிரி ஏறும், 700 மீட்டருக்கு 7 டிகிரி, நீ கேட்ட கணக்கு அதுலயே வந்துடுச்சு பாரு. அந்தக் காத்து எறங்கறப்ப ஈரமும் கொறைஞ்சுடும், அதனால தான் மதியம் மொகத்துல அனல் மாதிரி படுது. சுத்தி இருக்கற மொட்டைப் பாறை மலைங்க பகல் பூரா சூட்டை வாங்கி ராத்திரி வெளிய விடுது, அது தனி.

பாகாயம் அக்கா: காட்பாடியில கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சாம், எங்க தெருவுல ஒரு சொட்டு இல்ல. எங்களுக்கு மட்டும் ஏன்பா இப்டி?

அக்கா, இந்தக் கேள்வி தான் எனக்கு நிறைய வருது, கொஞ்சம் விரிவா சொல்றேன். கோடை மழை ஊர் பூரா ஒண்ணா வர்ற மழை இல்ல. ஒரு இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம் தான் இருக்கும், ஒரு மணி நேரம் பெஞ்சுட்டு செத்துடும். அது எங்க பொறக்கும்னா மேல்காத்தும் கடல்காத்தும் எங்க மோதுதோ அங்க, இல்லன்னா ஜவ்வாது மலை, ஏலகிரி, சித்தூர் பக்கத்து மலைங்க மேல. மலைச்சரிவு சூடாகி காத்து மேல எழும்பறதால மேகம் அங்க சீக்கிரம் கட்டும்.

மதியம் மூணு மணிக்கு மாடிக்குப் போய் மேக்கால பாருங்க. வெள்ளையா குவிஞ்ச மேகம் பாக்க பாக்க உசரமாகி, உச்சி தட்டையா விரிய ஆரம்பிச்சா அது முத்திடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் திடீர்னு காத்து நின்னு ஒரே புழுக்கம், அடுத்து புழுதியைக் கிளப்பிக்கினு ஜில்லுன்னு ஒரு காத்து, கதவெல்லாம் அடிச்சுக்கும், ஷீட்டு தடதடன்னு ஆடும். மழைத்துளி காஞ்ச காத்துல விழறப்ப பாதி ஆவியாகி அந்தக் காத்தைக் குளிர வெச்சுடுது, குளிர்ந்த காத்து கனமாகி தரையில மோதி நாலாபக்கமும் பரவுது. நம்ம ஊரு கோல்ட் ஃப்ரண்ட்டுன்னு சொல்லணும்னா இது தான், அரை மணி நேரத்துல பத்து டிகிரி எறங்கிடும். மழை உங்க தெருவுல பெய்யலன்னாலும் அந்தக் காத்து வந்து சேர்ந்தா அன்னிக்கு ராத்திரி தூங்கலாம்.

ராணிப்பேட்டை: டிவியில வேலூர் மாவட்டத்துல மழைன்னு சொல்றாங்க, வரமாட்டேங்குது. போன் ஆப்பும் அதே பொய் தான்.

பொய் இல்லங்க, வார்த்தையை கவனிக்கணும். "ஓரிரு இடங்களில்"னு வானிலை மையம் சொன்னா மழை அளக்கற இடங்கள்ல 25 சதவீதம் வரைக்கும் தான் மழைன்னு அர்த்தம், அதாவது முக்கால்வாசி பேருக்கு கெடைக்காது. காலையில ஆப் பாத்து பிளான் போடாதீங்க, மூணு மணிக்கு மேல சென்னை ரேடார் படத்தைப் பாருங்க, நம்ம ஏரியா அதுல தெரியும். மே கடைசி, ஜூன்ல மேகம் பெரும்பாலும் மேக்கேர்ந்து கெழக்க நகரும், சாயங்காலம் நமக்கு, ராத்திரி சென்னைக்கு.

ஆற்காடு: வங்கக்கடல்ல புயல் வந்தா குளிருமாணா?

நம்மள நோக்கி வந்தா மட்டும் தான். மே மாசப் புயல் முக்கால்வாசி ஒடிசா, வங்காளம், மியான்மர் பக்கம் போயிடும், போறப்ப நம்ம கடல்காத்தை வர விடாம நிலத்துக் காத்தை இழுக்கும், வெயில் இன்னும் ஏறும். 2019ல ஃபானி நமக்கு மழை குடுக்கும்னு எவ்ளோ பேர் காத்திருந்தோம், அது மே 3ம் தேதி பூரி பக்கம் கரை ஏறிடுச்சு, நமக்கு அனல் தான் மிச்சம்.

குடியாத்தம் அக்கா: பீடி சுத்தறோம், சிமென்ட் ஷீட்டு வீடு. ஃபேன் போட்டா தூள் பறக்குது, போடலன்னா உக்கார முடியல. எப்ப தான் கொறையும்?

உண்மையைச் சொல்லணும்னா மே கடைசி வரைக்கும் கஷ்டம் தான்க்கா. கேரளாவுல பருவமழை வழக்கமா ஜூன் 1 வாக்குல தொடங்கும், அதுக்கப்புறம் நமக்கு மேகமூட்டமும் சாயங்கால மழையும் கூடும், வெயில் கொஞ்சம் கொஞ்சமா தான் எறங்கும். அது வரைக்கும் ஷீட்டு மேல வெள்ளை சுண்ணாம்பு கெட்டியா ரெண்டு கோட் அடிங்க, முடிஞ்சா தென்னங்கீத்து பரப்பி காத்துக்கு பறக்காம கட்டி வையுங்க, உள்ள வித்தியாசம் நல்லா தெரியும். காலையில விடியறதுக்கு முன்னாடி பாதி வேலை முடிச்சுட்டு 12லேர்ந்து 3 வரைக்கும் மர நிழல்ல உக்காருங்க. தாகம் எடுக்கலன்னாலும் மோரு, உப்பு போட்ட கஞ்சித்தண்ணி குடிங்க. கூட இருக்கறவங்க யாராவது ஒளறினாலோ, ஒடம்பு நெருப்பா கொதிச்சு மயங்கினாலோ ஒடம்பு மேல தண்ணிய ஊத்திக்கினே 108க்கு போன் பண்ணுங்க, தயவு செஞ்சு படுத்தா சரியாப் போயிடும்னு விட்டுடாதீங்க.

அணைக்கட்டு, ஆடு மேய்க்கறவர்: இடி வந்தா புளியமரத்தடியில தான் ஒதுங்கறோம்.

அண்ணே, அதை மட்டும் வேணாம். ஒத்தை மரம், பனைமரம், கம்பிவேலி எதுக்கும் கிட்ட நிக்காதீங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 எண்றதுக்குள்ள சத்தம் கேட்டா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, உடனே கட்டடத்துக்கு போயிடுங்க, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு வெளிய வாங்க. மழை நின்னுடுச்சேன்னு உடனே கெளம்பறது ரொம்ப ஆபத்து. பையன்கிட்ட ஸ்மார்ட்போன் இருந்தா தாமினி ஆப் ஏத்தித் தர சொல்லுங்க, பக்கத்துல மின்னல் இருந்தா காட்டும். ஆடுங்களையும் மரத்தடியில ஒண்ணா கூட்டமா விடாதீங்க.

கே.வி.குப்பம் விவசாயி: நாலு மரம் மாங்கா இருக்கு, ரெண்டு ஏக்கர் மானாவாரி. ஒரு மழை பெஞ்சா உழுதுடலாமா, கடலை போட்டுடலாமா?

உழுதுடுங்க, வெதைக்காதீங்க. கோடை மழை ஈரத்துல ஏர் ஓட்டிப் போட்டா அடுத்து வர்ற மழைத்தண்ணி உள்ள எறங்கும், மண்ணுல இருக்கற கூண்டுப்புழுவும் வெளிய வந்து வெயில்ல செத்துடும். ஆனா அந்த ஒரு மழையை நம்பி கடலை போட்டா, அடுத்தது எப்ப வரும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, வெதைக்கடலை விலைக்கு அந்த ரிஸ்க் வேணாம். ஜூன் பாதிக்கு மேல மழை தொடர்ந்து விழுதான்னு பாத்துட்டு ஆடிப்பட்டத்துக்கு போங்க. மாங்கா முத்தினதை வெச்சுக்கினு காத்திருக்க வேணாம், நான் சொன்ன அந்தப் புழுதிக்காத்து பத்து நிமிஷம் அடிச்சா போதும், பாதி காய் கீழ கெடக்கும், ஆலங்கட்டியும் விழுந்துச்சுன்னா மிச்சமும் அடிபட்டு மண்டியில எடுக்க மாட்டாங்க. ரெடியானதை இந்த வாரமே பறிச்சுடுங்க.