சூளைக்கு வந்த பையன் ஐந்தாம் வகுப்பு, வாசிக்க வரவில்லை: எங்கே தொடங்குவது?

கேள்வி: செங்கல் சூளை வேலைக்கு வெளிமாவட்டத்திலிருந்து வந்த குடும்பம். பையனுக்குப் பத்து வயது. டி.சி. கையில் இல்லை, தமிழ் வாசிக்கவும் தெரியவில்லை. எப்படி உதவலாம்?

முதலில் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். டி.சி. வரட்டும் என்று காத்திருந்தால் சூளை சீசனே முடிந்துவிடும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. தாமதமாகிறது, வயதுச் சான்று இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். பழைய பள்ளியிலிருந்து எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) மட்டும் போனில் கேட்டு வாங்குங்கள்.

இனி வாசிப்பு. இப்படிப்பட்ட பிள்ளைகள் பலர் கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதிவிடுவார்கள். கையெழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது பார்த்து வரைவதுதான். க, கா, கி, கீ என்று வரிசையாகவும் ஒப்பிப்பார்கள். வரிசையைக் கலைத்து 'கூ'வை மட்டும் காட்டுங்கள். உதட்டுக்குள்ளேயே க, கா, கி என்று எண்ணிக்கொண்டு வந்துதான் பதில் சொல்வான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அதற்காக 247 எழுத்தையும் மறுபடி ஓட்ட வேண்டாம், சலித்துப் போவான். ப, ட, ம, ர, த, கூடவே புள்ளி. இவற்றிலேயே படம், மரம், பட்டம், ரதம் வந்துவிடும். முதல் நாளே முழுச் சொல்லை வாசித்தால் அவன் முகமே மாறும். அடுத்து துணைக்கால், பிறகு இகரம்: தாத்தா, பாட்டி. உகர வரிசைக்குப் பொது விதி கிடையாது. கு, டு, து, பு ஒவ்வொன்றும் ஒரு வடிவம். மாடு, காது என்று சொல்லோடு சேர்த்தே பழக்குங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். 'தெரு'வில் தடுமாறுவது அதனால்தான். அதைக் கடைசியில் வையுங்கள்.

இந்த எழுத்துகளையும் சொற்களையும் எழுதிக் காட்டப் பழைய காலண்டர் அட்டையை வெட்டினால் போதும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், பழைய அட்டை ஏழு, புதியது மூன்று. வீட்டில் விடியலுக்கு முன்பே கல் அறுக்க எழுந்துவிடுவார்கள், பையனும் விழித்திருப்பான். மாலையில் கண் சொருகும். பள்ளியில் காலை உணவு சாப்பிட்ட கையோடு உட்கார வையுங்கள். அட்டையை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

மழைக்கு முன் குடும்பம் கிளம்பும். அன்றே டி.சி. வாங்கி, பெயரை எமிஸில் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊர்ப் பள்ளியில் சேர்க்கும்போது பெயர் இங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும். அட்டைக் கட்டையும் கொடுத்தனுப்புங்கள், எது வரை வாசிக்கிறான் என்று மேல் அட்டையில் எழுதி.