ஐந்தரை மாத ராட்வீலர் ஒல்லியாகத்தான் இருக்கும்

கேள்வி: பள்ளத்தூரில் அப்பத்தாவோடு இருக்கிறேன். பெரிய வீடு, இருப்பது இரண்டே பேர். காவலுக்கு ஆகட்டும் என்று ஆண் ராட்வீலர் குட்டி ஒன்றை 45 நாளில் வாங்கினேன். இப்போது ஐந்தரை மாதம், 24 கிலோ. கால் நீண்டு, நெஞ்சு ஒடுங்கி, தெருநாய் மாதிரி இருக்கிறது. விற்ற புரோக்கர், இதே வயதுக் குட்டி என்று ஒரு வீடியோ அனுப்பினார். அது எருமைக்கன்று மாதிரி இருக்கிறது. என் குட்டிக்கு 'பாடி ஏத்துற' ஊசியும் கால்சியம் டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார். இல்லையென்றால் 18,000 ரூபாய் மேலே போட்டு 'ஹெவி போன்' (எலும்பு பருத்த) குட்டியாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். ஒரு வாரமாக முன்னங்காலை நொண்டுகிறது. காலையில் பாக்கெட் தீனி, ராத்திரி கோழி போட்ட சோறு. 'வளர்ற பிள்ளை அப்படித்தான் இருக்கும், சும்மா விடு' என்கிறார் அப்பத்தா. இப்படியே நின்றுபோய்விடுமா?

பதில்:

நிற்காது, தம்பி. உங்கள் அப்பத்தா சொன்னதுதான் சரி. ஊசி வேண்டாம். டானிக் வேண்டாம், அதற்கு ஒரு விலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன். அந்த 18,000 ரூபாய் பையிலேயே இருக்கட்டும்.

முதலில் வீடியோ. நீங்கள் எனக்கும் அனுப்பியிருந்ததால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நடுவில் அந்த நாய் ஒரு கொட்டாவி விடுகிறது. கோரைப்பல் நான்கும் முழு நீளத்துக்கு இறங்கி, வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. ஐந்தரை மாதக் குட்டிக்கு நிலையான கோரைப்பல் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். சில குட்டிக்குப் பால்பல்லும் விழாமல் பக்கத்திலேயே நிற்கும். என் கணக்கில் அது எட்டு மாதத்துக்குக் குறையாத நாய். எட்டு மாத நாயைக் காட்டி ஐந்து மாதம் என்று சொல்வது இந்த வியாபாரத்தில் மிகப் பழைய வித்தை.

இதே வித்தையின் மறுபக்கமும் உண்டு. 45 நாள் என்று வாங்கினீர்களே, அது 45 நாள்தான் என்று யார் சொன்னது? புரோக்கர். முப்பது நாளில் தாயிடமிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து 45 என்பார்கள். சின்னக் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், சீக்கிரம் விலைபோகும், தீனிச் செலவும் மிச்சம். உங்கள் குட்டியின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்கள் மாறிவிட்டனவா, கோரைப்பல் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பால் கோரைப்பல் நான்கும் அசையாமல் இருந்தால் உங்கள் குட்டிக்கு வயது ஐந்துகூட முழுதாக ஆகியிருக்காது. அப்படியானால் 24 கிலோ என்பது நல்ல எடை.

45 நாளே சரி என்று வைத்துக்கொண்டாலும் அதுவும் சட்டப்படி தப்பு. நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விதி காகிதத்தில் அழகாக இருக்கிறது. என் கிளினிக்குக்கு வரும் குட்டிகளில் பாதிக்கு மேல் எட்டு வாரத்துக்கு முன்பே கைமாறியவை. பதிவு எண் எழுதிய ரசீதை நான் பார்த்தது அபூர்வம். யாரிடம் சொல்வது? சொன்னால் 'எழுதிக் கொடுங்க சார்' என்பார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வளர்ச்சிக்கு வருவோம். ராட்வீலர் ஆண் வளர்ந்து முடிக்கும்போது தோள் உயரம் 61 முதல் 68 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 50 கிலோ. உங்கள் பையன் இப்போது பாதிக்கு வந்துவிட்டான். இந்த இனம் முதலில் உயரும், பிறகுதான் அகலும். ஒரு வயதுக்குள் உயரம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். நெஞ்சு விரிவது, கழுத்து தடிப்பது, அந்தப் பெரிய தலை வருவது எல்லாம் இரண்டு வயதுக்கு மேல். சில ஆண் நாய்களுக்கு மூன்று வயதும் ஆகும். ஐந்தாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதம் வரை காலும் காதுமாகத்தான் தெரியும். மீசை அரும்புகிற பையனைப் பார்த்து யாரும் பயில்வான் இல்லையே என்று வருத்தப்படுவதில்லை.

ஒல்லியா, சரியா என்று தெரிந்துகொள்ளக் கையே போதும். ஒரு கையை மேசைமேல் விரித்து வைத்து, அதன் புறங்கையை மறு கை விரலால் தடவுங்கள். நாயின் விலாவைத் தடவினால் அப்படி இருக்க வேண்டும்: எலும்பு தட்டுப்படும், ஆனால் துருத்தாது. முஷ்டி மடக்கிய முட்டிகள் மாதிரி துருத்தினால் இளைத்திருக்கிறது. பூச்சி மருந்து கொடுத்தீர்களா, உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளங்கைச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுத்துவிட்டது. ராட்வீலரைப் பொறுத்தவரை எனக்குக் கவலை இந்த மூன்றாவது ரகம்தான். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை இரண்டு பிரிவாக்கி 14 ஆண்டு கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகத் தின்ற பிரிவு மற்றதைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது, இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அதில் குறைவு. இங்கே நாயைக் குண்டாக்கினால்தான் வளர்க்கத் தெரிந்தவன் என்று பெயர்.

இனி அந்த ஊசி. நம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை இளங்கறி எடுப்பீர்களே, காலெலும்பின் நுனி கடித்தால் மெல்ல வரும். முற்றிய கறியில் அது வராது, கல்லாகிவிட்டிருக்கும். அந்தக் குருத்து இருக்கிற இடத்தில்தான் எலும்பு நீள்கிறது. உங்கள் குட்டிக்கு அது முழுக்க இறுக ஒன்றரை வயது வரை ஆகலாம். 'பாடி ஊசி' என்று இவர்கள் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஒரு வகை பசியைக் கிளப்பி உடம்பில் நீர் கோக்கும். பத்து நாளில் முகம் உப்பும், நீங்கள் சதை என்று நினைப்பீர்கள். கூடவே நோய் எதிர்ப்பும் இறங்கும். இன்னொரு வகை ஜிம் பையன்கள் போட்டுக்கொள்வது. அது குருத்தை நேரத்துக்கு முன்பே இறுக்கி, விதையையும் சுருக்கிவிடும். எந்த வகையாக இருந்தாலும் நீளாத எலும்பின்மேல் எடை ஏறும். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு போட்ட கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள், ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் போட்டால் என்ன ஆகும் என்று.

கால்சியம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள், படத்தில் ஒரு பெரிய நாய் நிற்கிறது, எல்லாரும் வாங்குகிறார்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கிற பெரிய இனக் குட்டியின் குடலுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது; ஊற்றுகிற கால்சியத்தில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதிகமானால் எலும்பு கோணும், மூட்டுக் குருத்து பிய்யும். பாக்கெட் தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே அளந்து போட்டிருக்கிறது. அதற்கு மேல் டானிக் என்பது நெய்ச்சோற்றில் எண்ணெய் ஊற்றுகிற கதை.

விலக்கு என்றேனே, அது இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெறும் வீட்டுச் சாப்பாட்டில் வளரும் குட்டிக்குக் கால்சியம் குறையும். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம், சோற்றிலும் இல்லை. குட்டிக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றேகால் பங்கு அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும். தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கொண்டுவந்த குட்டியை என்னால் மறக்க முடியாது. நான்கு மாதம் தினமும் எலும்பு நீக்கிய கோழியும் தயிர்ச்சோறும், பாசத்தோடு ஊட்டி வளர்த்தது. முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்து, மணிக்கட்டு தரையைத் தொட்டது. தயிரில்தான் கால்சியம் இருக்கிறதே என்றார் ஆச்சி. இருக்கிறது, ஆனால் ராட்வீலர் வளர்கிற வேகத்துக்கு அந்த இரண்டு கரண்டி எங்கே போதும்? அந்தக் குட்டிக்கு நானே கால்சியம் எழுதிக் கொடுத்தேன், எடைக்கு அளந்து, நாள் குறித்து. ஆக, கால்சியம் விஷமும் இல்லை, டானிக்கும் இல்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிற சமாச்சாரம். உங்கள் குட்டி பாதிக்குப் பாதி. ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு வேளையும் பெரிய இனக் குட்டிக்கான பாக்கெட் தீனியே போட்டால் இந்தக் கணக்கே வேண்டாம். அப்பத்தா மனசு கேட்காவிட்டால் அவித்த முட்டை ஒன்று சேர்த்துக்கொள்ளட்டும். வெந்த கோழி எலும்பு மட்டும் கூடாது, குத்தும்.

நொண்டல். ஐந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் வேகமாக வளரும் ஆண் குட்டிகளுக்கு எலும்புக்குள் ஒரு வலி வரும். இன்று இடது முன்னங்கால், பத்து நாள் கழித்து வலது, அப்புறம் பின்னங்கால் என்று இடம் மாறும், தானாகப் போகும். உங்கள் குட்டிக்கு அதுவாக இருக்கவே வாய்ப்பு. ஆனால் ஒரே கால், ஒரே இடம் என்று நின்றால் முழங்கையைப் பார்க்க வேண்டும். மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கும்படி இருந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தருகிறேன். வீட்டில் இருக்கிற இபுபுரூஃபென் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் அது செய்கிற வேலையை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுத் தரையையும் கேட்க வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ்தானே? துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாகியிருக்கும். பட்டாலையிலிருந்து வளவுக்குக் குட்டி பாய்ந்து ஓடும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து சறுக்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ராட்வீலருக்கு இடுப்பு மூட்டு பிறவியிலேயே பலவீனமாக இருக்கலாம். அதன்மேல் இது வேறு. அது நடமாடுகிற வழியில் சணல் சாக்கோ தேங்காய்நார் மிதியடியோ போடுங்கள். மாடிப்படி ஒரு வயது வரை வேண்டாம். காலை வெயில் ஏறுமுன் ஊருணிக் கரையில் செம்மண்ணில் இருபது நிமிஷம் நடை போதும். நீந்த விட்டால் மூட்டில் பாரம் விழாமல் சதை பிடிக்கும்தான், ஆனால் குடிநீர் ஊருணியில் இறக்கிவிட்டு ஊராரிடம் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

மாற்றுக்குட்டி பேரத்துக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. 'ஹெவி போன்' என்று ஓர் இனமும் இல்லை. உங்கள் குட்டியை அவர் வாங்கிக்கொண்டு இன்னொரு வீட்டில் 'நாலு மாசக் குட்டி, என்னா உயரம் பாருங்க' என்று விற்பார். கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) பேப்பர் பின்னால் வரும் என்பார். அந்தப் பேப்பரும் தாய் தகப்பன் யார் என்றுதான் சொல்லும், இடுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. தடை வரப்போகிறது, இப்போதே வாங்குங்கள் என்றும் அவசரப்படுத்துவார். 2024 மார்ச்சில் ராட்வீலர் உள்பட 23 இனங்களுக்குத் தடை போடச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது, ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்காவில் ஒரு குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்த பிறகு நம் மாநிலத்திலும் ஓர் உத்தரவு வந்தது, வந்த வேகத்தில் திரும்பிப் போனது. இந்தக் குழப்பத்தில் சம்பாதித்தவர்கள் புரோக்கர்கள் மட்டுமே. அந்த உத்தரவை எழுதிய நேரத்தில், கடிக்காமல் வளர்ப்பது எப்படி என்று நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். வருகிறவர் போகிறவரைப் பார்த்துப் பழக விடுங்கள். சங்கிலியில் கட்டிப்போட்டு வெறியேற்றினால் நாளைக்கு 50 கிலோவை அப்பத்தாவால் பிடிக்க முடியாது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். இன்னும் கொஞ்ச நாளில் தூக்க முடியாது, அதற்குள் பழகிக்கொள்ளுங்கள். வரும் திங்கட்கிழமையும் அதே காலை நொண்டினால் வெறும் வயிற்றோடு அழைத்து வாருங்கள். அந்த டானிக்கை ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாட்டிலையும் எடுத்து வாருங்கள். எத்தனை மூடி கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.