மெடிக்கல் ஷாப் அரை மாத்திரையில தூக்கம் வருது, டென்ஷன் மட்டும் போகல, என்ன செய்யலாம்?

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயசு, வலங்கைமான் பக்கம் கிராமம். மூணு ஏக்கர் சம்பா, ரெண்டு குழு லோன், பையன் பிளஸ் டூ, மாமியார் படுத்த படுக்கை. நாலு மாசமா படபடப்பு, பின்மண்டையில வலி, ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கம் இல்ல, எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். "ஸ்ட்ரெஸ்தாம்மா, குறைச்சுக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. எத குறைக்கிறது? மெடிக்கல்ல சொல்லி அல்பிரசோலம் அரை மாத்திரை தினம் போடுறேன், தூக்கம் வருது. தெரிஞ்சவங்க ஒருத்தவங்க ஸ்ட்ரெஸ் பேக்கேஜ் ஒன்னு இருக்கு, 18,000 ரூபாய்ங்கிறாங்க. சேரலாமா?

பதில்: மொதல்ல அந்த அரை மாத்திரை. நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு உங்க லெட்டர்ல பயமா இருந்ததே அதுதான். அல்பிரசோலம் கெட்ட மருந்து இல்ல, நானே எழுதுறதுதான், ஆனா கொஞ்ச நாளைக்கு மட்டும். நாலு மாசம் தினம் போட்டா உடம்பு பழகிடும், அரை ஒன்னாகும், ஒன்னு ரெண்டாகும். இது ஹெச் ஒன் லிஸ்ட்ல இருக்கிற மருந்து, சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, குடுத்தா யாருக்கு, எந்த டாக்டர் எழுதினதுன்னு தனி ரெஜிஸ்டர்ல ஏத்தி மூணு வருஷம் வச்சிருக்கணும், 2014லேர்ந்து இருக்கிற ரூல் இது. நம்ம கடைத்தெருவுல நடக்கிறது என்னன்னா, "அண்ணே, அந்த தூக்க மாத்திரை"ன்னு சொன்னா போதும், கத்தரியால அட்டைய பேரு இல்லாத பக்கமா வெட்டி, ஒரு துண்டு பேப்பர் கவர்ல போட்டு, மேல பேனாவால பிறை மாதிரி கோடு இழுத்து, ராத்திரிக்குன்னு குடுத்துடுறாங்க. ரெஜிஸ்டராவது ஒன்னாவது. செக் பண்ண வேண்டியவங்க எப்ப வருவாங்கன்னு கடைக்காரருக்கு முன்னாடியே தெரியும்போல.

இத படிச்சிட்டு இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்துனா கைநடுக்கம், வேர்வை, ராவெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கிறது, சில பேருக்கு வலிப்பே வரும். ஒரு டாக்டர் பார்வையில, கொஞ்சங்கொஞ்சமா, வாரக்கணக்குல இறக்கணும்.

சரி, எத குறைக்கிறது? பத்து நாளைக்கு ஒரு பழைய நோட்டு எடுங்க. படபடப்போ தலைவலியோ கோவமோ வந்தா மணி என்ன, அதுக்கு அரை மணி முன்னாடி என்ன நடந்துச்சு, யாரு வந்தா, யாரு போன் பண்ணா, இவ்ளோதான் எழுதணும். காரணத்த யோசிச்சு எழுதாதீங்க, நாம யோசிச்சு சொல்ற காரணம் பாதி நேரம் தப்பு. எங்கிட்ட வந்த ஒரு அம்மா மாமியார்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சத்தியமே பண்ணாங்க, நோட்டப் பாத்தா மாமியார் சண்டை பகல்ல, தலைவலி வந்ததெல்லாம் திங்கக்கிழமை ராத்திரி. செவ்வாய்க்கிழமை குழு தவணை. தெருவுல யாரு பைக்க நிறுத்துனாலும் அவங்களுக்கு வயித்தக் கலக்கும், உடம்பு எப்பவும் அடி வாங்கப் போற மாதிரியே நின்னுட்டு இருந்திருக்கு, அதுலதான் கழுத்துச் சதை இறுகி பின்மண்டை வலி.

உங்க நோட்டுலயும் கடன்தான் வரும்னு தோணுது. வந்தா அத வீட்டுக்காரர்கிட்ட மறைக்காம மொத்தக் கணக்கையும் எழுதி வைங்க, ஒரு லோன அடைக்க இன்னொரு குழுவுல சேராதீங்க, அங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. "பழைய லோன நான் முடிச்சுத் தரேன், புதுசு போட்டுத் தரேன்"னு கமிஷன் வாங்குற ஆளு ஒவ்வொரு ஊர்லயும் உண்டு, கிட்டயே சேக்காதீங்க. தவணை வசூலுக்கு வர்ற ஆளு ராத்திரி எட்டு மணிக்கு வந்து திண்ணையில உக்காந்துகிட்டு காசு குடுத்தாதான் போவேன்னு மிரட்டினா, ரிசர்வ் பேங்க் 2022 விதிப்படி காலை 9 மணிக்கு முன்னயும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் குழுக் கடன் வசூலுக்குத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தைரியமா சொல்லுங்க.

அடுத்து நெல்லு. தை மாசப் பனியில பகல்ல காஞ்சது ராத்திரி ஊறிப்போகும், கொள்முதல்ல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, தளர்வு வருமான்னு வாட்ஸப்ப பாத்துக்கிட்டு ஜனம் தார்ப்பாயும் கையுமா களத்துலயே கெடக்கும். இதுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடுக்க எனக்கே வெக்கமா இருக்கு. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துலயும் நெல்லு காய வைக்க ஒரு டிரையர் வச்சா எங்க ஓபி கூட்டம் குறையும், நாங்க மாத்திரை எழுதிக்கிட்டு இருக்கோம். நீங்க செய்ய முடியறது, களத்துக் காவல முறை வச்சு மாத்திக்கிறது, ரெண்டு பேரும் ஒரே ராத்திரி முழிக்காம இருக்கிறது. மாமியார் வேலைக்கும் இதேதான், நாத்தனார் வாரத்துல ரெண்டு நாள் வந்தா ஆகாதா? கேட்டுப் பாருங்க. காபி மதியத்தோட சரி.

ஒன்னு மட்டும் நிதானமா படிங்க. ஸ்ட்ரெஸ்னா காரணம் தீர்ந்தா உடம்பும் தேறணும். நெல்லு போட்டாச்சு, பணம் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு, தவணை கட்டியாச்சு, அப்பவும் விடியக்காலம் 3 மணிக்கு முழிப்பு, எதுலயும் பிடிப்பு இல்ல, சோறு இறங்கல, பையன் நல்ல மார்க் வாங்கிட்டு வந்து நின்னாலும் சந்தோஷம் வரல, இப்டி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம். அதுக்கு நோட்டும் போதாது, நாத்தனாரும் போதாது, ட்ரீட்மென்ட் வேணும். அதுக்குக் குடுக்கிற மருந்தும் வேற, தூக்க மாத்திரை இல்ல, அடிமையாக்கவும் செய்யாது, வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுக்குள்ள "ஒன்னும் கேக்கல"ன்னு விட்டுடுறவங்கதான் அதிகம். செத்துப்போயிடலாம்னு ஒரு தடவ தோணியிருந்தாலும் ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீங்க, அன்னிக்கே வீட்ல சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

18,000 ரூபா பேக்கேஜா, வேண்டாம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க பாப்போம். பாதி நீங்க ஏற்கனவே எடுத்த டெஸ்ட்டா இருக்கும், மீதி எண்ணெய் மசாஜும் பவுடர் டப்பாவும். சொன்னவங்களுக்கு ஆளுக்கு இவ்ளோன்னு கமிஷன் போகும், அதனாலதான் அவ்ளோ அக்கறை. கவுன்சிலிங் எடுக்கிறவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டா பாதி இடத்துல பேச்ச மாத்துவாங்க.

காசில்லாம வழி இருக்கு. 14416, டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், 2022 அக்டோபர்லேர்ந்து ஓடுது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்துல சைக்யாட்ரிஸ்ட் முறை வச்சு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. எந்தக் கிழமைன்னு மட்டும் ஒரு போர்டு எழுதி வைக்க இத்தன வருஷமா யாருக்கும் கை வரல, அதனால ஓபி சீட்டு போடுற இடத்துல நேரா கேளுங்க. இல்லன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு. போகும்போது அந்த நோட்டு, டெஸ்ட் ரிப்போர்ட், மிச்சம் இருக்கிற மாத்திரை அட்டை மூணையும் எடுத்துட்டுப் போங்க. அட்டையில பேரு இல்லன்னா கடையில போயி எழுதி வாங்கிக்கோங்க, எத்தன மில்லிகிராம்னு தெரியாம டாக்டரால குறைக்க முடியாது.